முதலாளி நட்ட மரம்

காலை முதல் இரவு வரை மரம் தின்கிற ஆலை அது. மரம் அரைபடும் சத்தம் அக்கம்பக்கத்துத் தெருக்களுக்கு அவ்வளவு பழகிவிட்டது. சத்தம் நின்றால்தான் கைக்குழந்தைகள் திடுக்கிட்டு விழித்து அழும். அப்படிப்பட்ட ஆலையின் வாசலில் ஒரே ஒரு மரத்தை மட்டும் யாரும் தொடக்கூடாது. ஓர் இலையைக்கூடக் கிள்ளக்கூடாது. அந்த ஒற்றை மரத்தை உயிரோடு வைத்திருப்பதுதான் மரத்தக்காவின் உத்தியோகம்.

அவளுக்கென்று பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. ஆனால் கேன்டீன்காரர் முதல் மேனேஜர் வரை எல்லோருக்கும் அவள் மரத்தக்கா. அவளைவிட மூத்தவர்களுக்கும் அக்கா. அவள் யாரையும் திருத்தவில்லை. திருத்த வேண்டுமென்றால் வாயைத் திறக்க வேண்டும். அவள் வாய் துருப்பிடித்த பூட்டு மாதிரி. எண்ணெய் விட்டு, ஆட்டி அசைத்து, அது திறப்பதற்குள் கேட்டவர் அடுத்த தெருவுக்குப் போயிருப்பார்.

அதனால்தான் முதலில் பார்த்த, ஆலையின் நாற்றுப்பண்ணை வேலை அவளுக்கு ஒத்துப்போனது. தாய்ச்செடியிலிருந்து நுனியைக் கிள்ள வேண்டும், அடியை வேர் மருந்தில் தொட வேண்டும், நார்த்தூள் நிரப்பிய சின்னக் குழாயில் குத்த வேண்டும். அவ்வளவுதான். கிள்ளிய நுனிகள் எல்லாம் தைலமரங்களாக வளரும். எல்லாம் ஒரு தாயின் பிள்ளைகள் என்பதால் ஒன்றைப் போலவே இன்னொன்று இருக்கும். அதே உயரம், அதே பருமன், அதே பச்சை. வளர்ந்ததும் வெட்டி, துண்டு போட்டு, வேகவைத்து, கூழாக்கி, காகிதமாக்கிவிடுவார்கள். மரத்தக்கா அந்தப் பின்பாதியைப் பார்த்ததே இல்லை. செடி பண்ணை வாசலைத் தாண்டினால் அவள் கணக்கில் அது புகுந்த வீட்டுக்குப் போய்விட்டது.

ஒருநாள் ஆலையில் புது மெஷின் திறக்க முதலாளி வந்தார். வந்தவர் ஒரு செடி நட ஆசைப்பட்டார். பூங்காவில் குழி வெட்டி, சல்லடையில் சலித்த மண்ணைக் குவித்து வைத்திருந்தார்கள். முதலாளி அங்கே போகவில்லை. காரிலிருந்து இறங்கினார், நாலடி நடந்தார், நின்றார். “இங்கேயே நட்டுடலாமே” என்றார்.

அவர் நின்ற இடம் லாரிகள் போகும் தார்ச்சாலையின் நட்டநடு.

மேனேஜர் தண்ணீர் குடிக்காமலே விக்கினார். ஆனால் அவர் வாயிலிருந்து வந்தது, “பிரமாதமான இடங்கய்யா” என்பதுதான். கடப்பாரை வந்தது. தாரைப் பெயர்த்தார்கள். பண்ணையிலிருந்து செடியை ஏந்திக்கொண்டு வந்து நின்றவள் மரத்தக்கா. முதலாளி நட்டுவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டே கேட்டார்: “நல்லா வருமாம்மா?”

பூட்டு திறக்கவில்லை. அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

முதலாளிக்கு அது பிடித்துவிட்டது. “பாத்தீங்களா, பேச்சே இல்ல. இந்தம்மாவே பாத்துக்கட்டும்” என்று சொல்லிவிட்டுக் கார் ஏறிவிட்டார்.

அந்த ஒரு வாக்கியத்தில் ஒரு பதவி பிறந்தது. பதவியோடு ஒரு குவார்ட்டர்ஸ் வீடும் வந்தது, விடியும் முன்னே தண்ணீர் ஊற்ற வேண்டுமே என்று. அதுவரை அவளும் கணவரும் நாத்தனாரும் ஒரு சைக்கிள் கடைக்குப் பின்னால் ஒற்றை அறையில் குடியிருந்தார்கள். நடுவில் ஒரு போர்வைதான் சுவர். புது வீட்டில் இரண்டு அறைகள், சமையலறையில் ஒரு ஜன்னல், உள்ளேயே ஒரு குழாய். திறந்தால் தண்ணீர் வந்தது, மூடினால் நின்றது. இரண்டாவதுதான் அவளுக்குப் பெரிய அதிசயம். முதல் வாரம் முழுக்க வேலை இல்லாதபோதும் போய்த் திறந்து திறந்து மூடினாள்.

சாவியைக் கொடுக்கும்போது மேனேஜர் தெளிவாகச் சொன்னார். “இது உன் வீட்டுக்காரருக்குக் குடுத்த வீடு இல்லம்மா. அவர் கான்ட்ராக்ட் ஆளு. இது மரத்துக்குக் குடுத்த வீடு. மரம் இருக்கிற வரைக்கும் நீ இருக்கலாம்.”

மரம் இருந்தது. இருந்தது மட்டுமா, வளர்ந்தது. அந்த ரகத்துக்கு வேறு வேலை தெரியாது. பார்த்தால் வளர்ந்தது, பார்க்காவிட்டால் இன்னும் வளர்ந்தது. முதலில் ஆலையின் பெயர்ப்பலகையை மறைத்தது. புதிதாக வருகிறவர்கள் ஆலைக்கு எதிரிலேயே நின்று ஆலை எங்கே என்று விசாரித்தார்கள். பிறகு மேனேஜர் அறையின் ஜன்னலை மறைத்தது. அவர் பட்டப்பகலில் விளக்குப் போட்டுக்கொண்டு வேலை பார்த்தார். லாரிகளின் பாடுதான் பெரும்பாடு. வெட்டிய மரங்களை மலைபோல் ஏற்றிக்கொண்டு வரும் லாரி, வெட்டாத இந்த ஒரு மரத்தின் முன்னால் வந்து தயங்கி நிற்கும். பின்னால் போகும், முன்னால் வரும், பம்மும், கண்ணாடியை மடக்கும், மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒதுங்கிப் போகும்.

ஒரு கிளையையாவது கழிக்கலாமா என்று கூட்டம் போட்டார்கள். தினமும் தோப்புத் தோப்பாக வெட்டக் கையெழுத்துப் போடும் அதிகாரிகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். முதலாளி நட்டதன் மேல் கத்தி வைக்க யார் கையெழுத்துப் போடுவது? கடைசியில் மதில்சுவரை இடித்து கேட்டை நகர்த்தி வைத்தார்கள். மரம் இருந்த இடத்திலேயே இருந்தது. மரத்தக்காவும் இருந்தாள்.

அவள் கணவர் மரக்கிடங்கில் வண்டி ஓட்டினார். நீளமான இரும்புக் கை, கையின் நுனியில் வளைந்த விரல்கள். அது லாரியிலிருந்து மரத்தைக் கொத்தாக அள்ளி ஓடும் சங்கிலியில் போடும். சங்கிலி அதைப் பட்டை உரிக்கும் உருளைக்கு இழுத்துப்போகும், உருளை சிப்பரின் வாயில் தள்ளும், சிப்பர் கண் இமைப்பதற்குள் சில்லு சில்லாகத் துப்பிவிடும். வண்டிக்கு நண்டு என்று பெயர். அவருக்கு நண்டுக்காரர் என்று பெயர். கணவர் மரத்தை அரைக்கிறார், மனைவி மரத்தை வளர்க்கிறாள், கடைசியில் நாத்தனார் காகிதத்தைக் கட்டுக்கட்டி மூடுகிறாள் என்று கேன்டீனில் கிண்டல் செய்வார்கள். நாத்தனாருக்குக் கட்டுக்கட்டும் கூடத்தில் வேலை. தாள்களை விசிறி மாதிரி விரித்து ஓட்டை கீறல் பார்ப்பாள். அதே கண்ணால் அண்ணியையும் பார்ப்பாள்.

“அண்ணி, எங்கண்ணன் சாப்ட்டாரான்னு ஒரு நாளாவது கேட்டிருக்கீங்களா? மரம் தண்ணி குடிச்சுதான்னு மட்டும் ஓடி ஓடிப் பாக்குறீங்க.”

“உங்கண்ணனுக்கு வாய் இருக்கு, கேப்பாரு” என்பாள் மரத்தக்கா. வீட்டுக்குள் அவளுக்குப் பூட்டு அவ்வளவாகச் சிக்காது.

இப்படி இருக்கும்போது முதலாளி மறுபடியும் வருகிறார் என்று செய்தி வந்தது. தன் மரத்தைப் பார்க்க வருகிறாராம். ஆலையே குளித்து முழுகியது. ஆளாளுக்கு ஓடினார்கள். சுவருக்குச் சுண்ணாம்பு, தூணுக்கு வர்ணம், தீயணைக்கும் வாளிகளுக்குப் புதுச் சிவப்பு. வருகைக்கு முந்தைய நாள் காலையில் மேனேஜர் மரத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

“எல்லாத்துக்கும் பெயிண்ட் அடிச்சாச்சு, இது மட்டும் வெறும் உடம்போட நிக்குது. வாளிக்கு அடிச்ச செவப்பு மிச்சம் இருக்கில்ல? நெஞ்சு உயரத்துல அழகா ஒரு வளையம் போடும்மா.”

மரத்தக்கா போட்டாள். நூல் கட்டி, கோடு பிசகாமல், இரண்டு கை அடித்தாள். தள்ளி நின்று பார்த்தபோது அவளுக்கே பெருமையாக இருந்தது.

தோப்புகளில் எந்த மரத்தை வெட்ட வேண்டுமோ அதற்கு நெஞ்சு உயரத்தில் சிவப்பு வளையம் போடுவார்கள். வெட்டும் ஆட்களுக்கு வேறு பேச்சு, வேறு அடையாளம் கிடையாது. இது மரத்தக்காவுக்குத் தெரியாது. நாற்றுப்பண்ணை என்கிற பிரசவ ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவளுக்குச் சுடுகாட்டு வழக்கம் எப்படித் தெரியும்? மேனேஜரோ கணக்குப் பிரிவிலிருந்து மேலே வந்தவர். அவர் தோப்பை ஜீப்பிலிருந்து இறங்காமல் பார்த்தவர்.

அன்றைக்கென்று பின்மதில் ஓரம் நின்ற பழைய மரங்களை அப்புறப்படுத்த வெட்டும் மேஸ்திரியை ஆட்களோடு வரச் சொல்லியிருந்தார்கள். “வளையம் போட்டதெல்லாம் வெட்டிருங்க” என்பது உத்தரவு. மேஸ்திரி கேள்வி கேட்கிற ஆள் இல்லை. வெட்டி முடித்துவிட்டு டீ குடிக்க முன்வாசல் பக்கம் வந்தார்கள். மேஸ்திரி அண்ணாந்தார். பிறகு குனிந்து வளையத்தைப் பார்த்தார். அவர் முகம் வாடிப்போயிற்று.

“ஒண்ணு விட்டுப்போச்சேப்பா. நாளைக்கு முதலாளி வந்து இதப் பாத்தா நம்ம மானம் என்ன ஆகிறது?”

மெஷின் ரம்பம் உறுமியது. வேலை சுத்தமான வேலை. மரத்தைச் சாலை ஓரமாகவே சாய்த்து, ஒரே நீளத் துண்டுகளாக அறுத்து, லாரியில் அடுக்கி, இலைகளைக்கூடக் கூட்டி அள்ளிவிட்டுத்தான் டீக்குப் போனார்கள்.

அந்த நேரம் மரத்தக்கா வீட்டில் கையிலிருந்த சிவப்பை மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். தண்ணீர்க் குடத்தோடு திரும்பி வந்தாள். வாசலில் வானம் நின்றுகொண்டிருந்தது. அவ்வளவு பெரிய வானம் அங்கே இருக்கும் என்று அவள் நினைத்ததே இல்லை. மேலே மேனேஜர் அறையின் ஜன்னல் திறந்தது. “ஆகா, இன்னைக்கு என்ன வெளிச்சம், என்ன காத்து!” என்றது ஒரு குரல். பிறகு நாற்காலி விழும் சத்தம் கேட்டது.

மரத்தக்கா குடத்தைப் போட்டுவிட்டு மரக்கிடங்குக்கு ஓடினாள். நண்டு கையை உயர்த்திக்கொண்டிருந்தது. விரல்களுக்கு நடுவே, நூல் கட்டி அடித்த சிவப்பு வளையத்தோடு, அவள் மரத்தின் அடித்துண்டு. அவள் இரண்டு கைகளையும் தலைக்கு மேல் வீசினாள்.

நண்டுக்காரர் பார்த்தார். கல்யாணமான நாளிலிருந்து மனைவி ஒருமுறைகூட அவர் வேலை செய்வதைப் பார்க்க வந்ததில்லை. இன்று வந்து நிற்கிறாள். அதுவும் கையை வேறு ஆட்டுகிறாள். மனிதருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அவரும் கையை ஆட்டினார். சும்மா போட்டால் நன்றாக இருக்காதே என்று நண்டின் கையை இன்னும் உயர்த்தி, அரைவட்டம் ஒன்று சுழற்றி, கொஞ்சம் குலுக்கிக் காட்டி, பூப்போலச் சங்கிலியில் வைத்தார். சங்கிலி இழுத்தது. உருளை உருட்டியது. சிப்பர் ஒரு ஏப்பம் விட்டது.

இறங்கி வந்து வியர்வையைத் துடைத்துக்கொண்டார். “என்ன புள்ள, அதிசயமா இருக்கு? பாத்தியா, எப்படிச் சுத்துனேன்?”

“நீங்க இப்ப அரைச்சது நம்ம வீடுங்க” என்றாள் மரத்தக்கா.

வெட்டியது போக மண்ணில் மிஞ்சிய அடிக்குற்றியைச் சுற்றி ஒரு சின்னக் கூட்டம் கூடியிருந்தது. மேனேஜர் வெளிறிப் போயிருந்தார். மேஸ்திரி மட்டும் நிதானமாக டீ குடித்தார்.

“யோவ், அது அலங்காரம்யா!”

“இருக்கலாம் சார். ஆனா அலங்காரம்னு அதுல எழுதலையே.”

“உனக்குக் கண்ணு இல்ல? நடு ரோட்டுல ஒத்தை மரமா நிக்குது!”

“அதனாலதான் சார் மொதல்ல வெட்டணும்னு தோணுச்சு. லாரிக்கு எவ்வளவு இடைஞ்சல்?”

பல வருஷமாக மேனேஜர் மனதில் இருந்ததும் அதுதான். அவர் மரத்தக்கா பக்கம் திரும்பினார். “ஏம்மா, என் வேலை போறது இருக்கட்டும். மொதல்ல உன் வேலை போகும். மரம் இல்லன்னா மரத்துக்குக் குடுத்த வீடு எதுக்கு? நாளைக்கு முதலாளி கார் கேட்டைத் தாண்டுறப்ப இங்க மரம் நிக்கணும். நிக்கலைன்னா சாயங்காலமே சாவியைக் குடுத்துரு.”

மரத்தக்காவுக்குச் சைக்கிள் கடை நினைவுக்கு வந்தது. போர்வை நினைவுக்கு வந்தது.

டீ நேரத்துக்கு வெளியே வந்த நாத்தனார் எட்டிப் பார்த்தாள். “என்ன அண்ணி, நாளைக்கு இந்நேரம் உங்க மரத்தை நான் கட்டுக் கட்டிக்கிட்டிருப்பேன் போல” என்றாள். அண்ணியின் முகத்தைப் பார்த்ததும் கொஞ்சம் இறங்கி வந்தாள். ஆனாலும் நாக்கு சும்மா இருக்குமா? “ஏன் இடிஞ்சு போயிட்டீங்க? தோப்பு பூரா அதே மரந்தானே நிக்குது. எல்லாம் ஒரு தாய் வயித்துப் பிள்ளைங்க. ஒண்ணைக் கையப் புடிச்சுக் கூட்டிட்டு வந்து நிறுத்துங்க, போங்க.”

அவள் கிண்டலுக்குத்தான் சொன்னாள். மேனேஜர் ஜீப்பைக் கூப்பிட்டார்.

தோப்பில் அன்று நடந்தது பெண் பார்க்கும் படலம்தான். மேனேஜர் கைப்பேசியில் பழைய படத்தைப் பெரிதாக்கி வைத்துக்கொண்டு ஒவ்வொரு மரமாக ஒப்பிட்டார். “இது வேண்டாம், உயரம் ஜாஸ்தி. இதுக்கு இடுப்பு பெருத்திருக்கு. இது நல்லாத்தான் இருக்கு, ஆனா ரொம்ப நேரா நிக்குது. நம்மளுது கொஞ்சம் இடது பக்கம் சாயும்.” கடைசியில் மரத்தக்காவைப் பார்த்தார். “வளர்த்தவ நீதானே? நீ சொல்லு.” அவள் ஒரு மரத்தைத் தொட்டாள். ஏன் அதைத் தொட்டாள் என்று கேட்டிருந்தால் அவளுக்கே சொல்லத் தெரியாது. எல்லாம் ஒரே மாதிரிதான் இருந்தன. நடந்து நடந்து அவளுக்குக் கால் வலித்தது.

மேஸ்திரி அறுத்தார். நண்டுக்காரர் மரத்தை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு ஊர்வலம் போல வந்தார். இலை அசைய அசைய ஒரு முழு மரம் தெருவில் நடந்து வருவதைப் பார்த்துவிட்டு, கடை வாசலில் முகச்சவரம் செய்துகொண்டிருந்த ஒருவர் பாதி மீசையோடு எழுந்து நின்றார். வாசலில் ஆலையின் ஃபிட்டர் தயாராக இருந்தார். பழைய குற்றியின் நடுவில் ஒரு துளை, புது மரத்தின் அடியில் ஒரு துளை, இரண்டுக்கும் நடுவே தொடை உயர இரும்புக் கம்பி. பல் கட்டுகிற டாக்டர் மாதிரி அவர் ஒரு கண்ணை மூடிக்கொண்டு, “இன்னும் கொஞ்சம் கீழ… போதும், போதும்… கடிச்சுக்கிச்சு” என்றார். இணைப்பில் களிமண் பூசி, அதன் மேல் பட்டையை ஒட்டினார்கள்.

“நிக்குமா?” என்றார் மேனேஜர்.

“நிக்கும் சார். காத்து அடிக்கக்கூடாது. யாரும் பக்கத்துல தும்மக்கூடாது.”

மரத்தக்கா வழக்கம்போல ஒரு குடம் தண்ணீர் ஊற்றினாள். வேர் இல்லாத மரத்துக்குத் தண்ணீர் எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. ஊற்றி முடித்ததும் அவளாகவே மேனேஜரைப் பார்த்து வளையம் போடவா என்பதுபோல விரலால் ஒரு வட்டம் போட்டாள்.

“அம்மா தாயே!” என்று இரண்டு கைகளையும் கூப்பினார் மேனேஜர்.

மறுநாள் முதலாளி வந்தார். முடி கொட்டியிருந்தது, குரல் மென்மையாகியிருந்தது. கூடவே ஒரு போட்டோகிராஃபர். மரத்தைப் பார்த்ததும் அவர் கண்கள் கலங்கின. மரத்தின் நிலைமை அதைவிட மோசம். விடிகாலையிலிருந்து தீயணைப்புக் குழாயால் நனைத்தும் இலைகள் ஈரத் துணி மாதிரி தொங்கின.

“ஏன் இப்படித் தொங்குது?”

“மரியாதைங்கய்யா” என்றார் மேனேஜர். “உங்களைப் பாத்ததும் தலை குனிஞ்சிருச்சு.”

முதலாளி மரத்தின் மேல் கையை வைத்தார். ஃபிட்டர் கண்ணை மூடிக்கொண்டார். மரத்தக்கா மூச்சு விடவில்லை. கொஞ்சம் அசைந்தது, நின்றது. அப்பாடா என்று எல்லோரும் மூச்சு விடும்போதுதான் முதலாளி பேசினார்.

“ஊர்ல இருக்கிற மரத்தை எல்லாம் வெட்டுறோம். நான் நட்டதை மட்டும் வெட்டாம வெச்சிருக்கிறது நியாயமா? எனக்கு ரொம்ப நாளா உறுத்துது. நட்ட கையாலயே வெட்டணும்னு வந்திருக்கேன். ஒரு கோடாலி குடுங்க. இந்த மரத்துல செஞ்ச காகிதத்தை நான் சாயங்காலம் கையோட எடுத்துட்டுப் போகணும்.”

மேனேஜரைப் பார்க்கச் சகிக்கவில்லை. நேற்றெல்லாம் ஓடியது, பெண் பார்த்தது, பல் கட்டியது எல்லாம் இன்று வெட்டுவதற்காகவா! மரத்தக்காவுக்கு மட்டும் வேறு ஒன்று ஓடியது. வெட்டினாலும் வீடு போச்சு, வெட்டாவிட்டாலும் மரம் காய்ந்து வீடு போச்சு. அப்படியானால் நேற்று வேரில்லாத மரத்துக்கு ஊற்றிய அந்த ஒரு குடம் தண்ணீரையாவது மிச்சம் பிடித்திருக்கலாம்.

கோடாலி வந்தது. பிடியில் ரிப்பன் கட்டியிருந்தார்கள். முதலாளி காலை அகட்டி நின்று, கோடாலியைத் தோளுக்கு மேல் தூக்கி, வீசினார். கோடாலி மரத்தைத் தொடவில்லை. அதற்கு ஒரு சாண் முன்னாலேயே, வீச்சின் காற்றுக்கே மரம் மெல்லத் திரும்பியது. யாரையோ தேடுவது போல ஒரு பக்கம் பார்த்தது. பிறகு அவசரமில்லாமல் சாய்ந்து, நகர்த்தி வைத்த புது கேட்டின் மேல் படுத்துக்கொண்டது.

போட்டோகிராஃபர்தான் முதலில் கை தட்டினார். உடனே எல்லோரும் தட்டினார்கள். “அய்யாவோட கை ராசி!” என்று ஒருவர் கத்தினார். முதலாளி கூச்சத்தோடு சிரித்தார். சிரித்துக்கொண்டே குனிந்தார். குற்றியின் நடுவில் தொடை உயரத்துக்கு ஓர் இரும்புக் கம்பி, வெயிலில் பளபளவென்று நின்றது.

“இது என்ன?”

மேனேஜர் ஃபிட்டரைப் பார்த்தார். ஃபிட்டர் நண்டுக்காரரைப் பார்த்தார். நண்டுக்காரர் மனைவியைப் பார்த்தார். முதலாளியும் அந்தப் பார்வைகளின் பின்னாலேயே வந்து அவளிடம் நின்றார். “அட, இந்தம்மாதானே பாத்துக்கிட்டது? நீயே சொல்லும்மா. என்ன இது?”

பூட்டு. துரு. மரத்தக்காவுக்கு ஜன்னல் தெரிந்தது. குழாய் தெரிந்தது, மூடினால் நிற்கிற குழாய். அதன் பக்கத்து அலமாரியில், ரத்தம் போதவில்லை என்று ஆஸ்பத்திரியில் நாத்தனாருக்குக் கொடுத்த மாத்திரை டப்பா தெரிந்தது.

“சத்துங்கய்யா” என்றாள்.

“என்ன சத்து?”

“இரும்புச் சத்து.”

முதலாளி கம்பியைப் பார்த்தார். விழுந்து கிடந்த மரத்தின் நீளத்தைப் பார்த்தார். மறுபடியும் கம்பியைப் பார்த்தார். அவர் முகத்தில் வெளிச்சம் பரவியது.

“அதான் இந்த வளர்த்தியா! ஏன்யா, இத்தனை வருஷமா இதை என்கிட்ட ஏன் யாரும் சொல்லல?”

“சர்ப்ரைஸுங்கய்யா” என்றார் மேனேஜர்.

“இனிமே எல்லாச் செடிக்கும் இதைக் குடுங்க. ஒண்ணு விடாம. இந்தம்மாவே பாத்துக்கட்டும்.”

சாயங்காலம் முதலாளிக்கு ஒரு கட்டுக் காகிதம் ரிப்பன் கட்டிக் கொடுத்தார்கள். காலையில் விழுந்த மரம் இன்னும் முழுசாக மரக்கிடங்கில் கிடந்தது. மேனேஜர் கட்டுக்கட்டும் கூடத்துக்கு ஓடிப்போய் அப்போது வந்த கட்டு எதுவோ அதை எடுத்துக் கொடுத்தார். காரின் புழுதி அடங்கியதும் நாத்தனார் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

“அண்ணி, மரம் சில்லாகிக் கூழாகித் தாளா வர ஒரு நாள் ஆகும். அப்போ இன்னைக்குச் சாயங்காலம் வந்த தாள்ல இருக்கிறது நேத்து அண்ணன் சுத்திக் காட்டி அரைச்சது. பொய் சொல்றோம்னு நெனச்சு உண்மையான மரத்தையே குடுத்துட்டாரு உங்க மேனேஜர்!”

வீடு தப்பியது. மறுவாரத்திலிருந்து மரத்தக்கா கையில் சுத்தியலோடு தோப்புக்குப் போனாள். செடிக்கு ஒரு கம்பியாகக் குத்திக்கொண்டே வந்தாள். மண்ணும் சருகும் சேர்ந்து கம்பிகளை மறைத்தன. வெட்டும் வயதிலிருந்த மரங்களையும் முதலாளி விடச் சொல்லவில்லை. அவற்றின் உடம்பிலேயே அடித்தார்கள். அவை அரைக்க வந்தபோது புது வினை முளைத்தது. சிப்பருக்கு இரும்பு ஆகாது. ஒரு கம்பி போனால் கத்தி அத்தனையும் பல் போய்விடும். எனவே அரைக்கும் முன் கம்பியை உருவ ஓர் ஆள் வேண்டும் என்று நிர்வாகம் முடிவு செய்தது. நண்டுக்காரரை அந்த வேலைக்கு நிரந்தரம் ஆக்கினார்கள். அவர் உருவிய கம்பிகளை ஜீப் மறுநாள் காலையில் மரத்தக்காவிடம் கொண்டுவந்து கொட்டியது.

வீட்டில் கணவனும் மனைவியும் கை காய்ப்பைத் தடவிக்கொண்டு எதிரெதிரே உட்கார்ந்திருப்பார்கள்.

“கொஞ்சம் லேசாத்தான் குத்தேன் புள்ள. உருவ முடியல.”

“லேசா குத்துனா சத்து ஏறாதுங்க” என்பாள் மரத்தக்கா சிரிக்காமல்.

வாசலில் இருந்த பழைய குற்றியை எல்லோரும் மறந்திருந்தார்கள். தைலமரத்தை வெட்டினால் குற்றி துளிர்க்கும்; அதனால்தான் தோப்பில் வெட்டிய பிறகு யாரும் வேரைத் தோண்டுவதில்லை. இது ஆலையில் கூட்டிப் பெருக்குகிறவர் முதல் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். ஆனாலும் ஒருநாள் காலையில் கம்பியைச் சுற்றி ஏழெட்டுத் துளிர் கிளம்பி நின்றதைப் பார்த்த மேனேஜர், தெரிந்தது அத்தனையும் மறந்துவிட்டு முதலாளிக்குப் போன் போட்டார். “அய்யா, இரும்பு வேலை செஞ்சிருச்சுங்கய்யா! ஒண்ணு இருந்த இடத்துல எட்டு!”

முதலாளி அடுத்த மாதமே பார்க்க வருவதாகச் சொன்னார்.

மேனேஜர் மரத்தக்காவைக் கூப்பிட்டார். “ஏம்மா, அய்யா வர்றாரு. அதுக்கு ஏதாவது அலங்காரம்…” என்று ஆரம்பித்தவர், அவள் பார்த்த பார்வையில் நிறுத்திக்கொண்டார்.

அன்று மாலை மரத்தக்கா வீட்டுக்குப் போய், அலமாரியின் மேலிருந்த மிச்சச் சிவப்புப் பெயிண்ட் டப்பாவை இறக்கினாள். இதை வீட்டில் வைத்திருப்பது ஆபத்து. கொட்டவும் மனம் வரவில்லை. ரொம்ப நாளாக வெளிறிக் கிடந்த சமையலறை ஜன்னலின் சட்டத்துக்கு அதை அடித்தாள். நாலு பக்கமும், கோடு பிசகாமல், இரண்டு கை. ஒரு சொட்டு மிச்சமில்லை. மறுநாள் காலையில் குழாயடியில் நின்று பார்த்தபோது சமையலறையே கல்யாண வீடு மாதிரி இருந்தது.

அப்போது தோளில் மெஷின் ரம்பத்தோடு மேஸ்திரி அந்த வழியாக வேலைக்குப் போனார். ஜன்னலுக்கு நேரே வந்ததும் அவர் நடை தளர்ந்தது. நின்றார். சிவப்புச் சட்டத்தைப் பார்த்தார். சுவரைக் கீழிருந்து மேலாகப் பார்த்தார். ரம்பத்தை மெல்லத் தோளிலிருந்து இறக்கினார்.

மரத்தக்கா குழாயை மூடக்கூட நேரம் எடுக்கவில்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு தெருவே கேட்கும்படி கத்தினாள்.

“அண்ணே! அலங்காரம்ணே! இது அலங்காரம்!”